எல்லா ஆப்ஷனும் போட்ட ரிசல்ட்

மே 3, ஞாயிறு

இன்றைக்கு லீவு. கம்ப்யூட்டர் சென்டருக்குப் போகாமல், அதே நேரத்துக்கு எழுந்து தெருக்குழாயில் பன்னிரண்டு குடம் தண்ணீர் சுமந்தால் அதற்கு எங்கள் வீட்டில் லீவு என்று பேர்.

பதினோரு மணிக்கு அத்தை வந்தாள். அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. ராஜபாளையத்தில் பஸ் ஏறி சங்கரன்கோவிலில் இறங்கி, காபி ஆறிப்போச்சு என்று சொல்லி அதை முழுசும் குடித்துவிட்டு, தன் மகன் குருவலிங்கத்துக்கு என் தங்கச்சி வடிவைக் கேட்டாள். வடிவுக்குப் போன மாசம்தான் பதினெட்டு முடிந்தது. பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறாள். அத்தானுக்கு முப்பத்து மூணு. மோட்டார் பம்பு கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷன்தான். பேசவே மாட்டார். பேசுவதற்கு அத்தை இடம் கொடுத்தால்தானே!

வடிவு, "நான் காலேஜ் போகணும்" என்றாள். அப்பா மோவாயைத் தடவி யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: "பாஸானா காலேஜ். ஃபெயிலானா குருவலிங்கம். இது என் வாக்கு." பரீட்சையில் தோற்றால் கொடுக்கிற தண்டனை அத்தான் என்பதை அத்தையும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "அதுக்கென்ன தம்பி, எப்படியும் ஃபெயிலாத்தான ஆவா" என்று சந்தோஷமாகப் பஸ் ஏறினாள்.

மூத்தவள் நான் இருபத்து நாலு வயதில் குத்துக்கல்லாட்டம் இருக்க, இளையவளுக்கு என்ன அவசரம் என்று எதிர்வீட்டு அக்கா கேட்டாள். அப்பா சொன்னார், "ஆவுடைக்குச் செவ்வாய் தோஷம். இருபத்தெட்டுக்கு மேலதான்." அப்பா வேலை பார்த்த நூல் மில் மூடின வருஷம்தான் எனக்கு இந்தத் தோஷம் பிடித்தது. என் சம்பளத்தில் அரிசி வாங்க ஆரம்பித்த பிறகு செவ்வாய் இன்னும் உக்கிரமாகிவிட்டார்.

மே 6, புதன்

நான் வேலை பார்ப்பது குளோபல் கம்ப்யூட்டர் சென்டர். கீழே சொர்ணராஜ் சாரின் உரக்கடை, நடுவில் சென்டர், மாடியில் சாரின் வீடு. படியேறி வருகிற பிள்ளைகள் யூரியா வாசத்தோடுதான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். இன்ஸ்ட்ரக்டர், டைப்பிஸ்ட், ஒட்டடை அடிக்கிறவள், எல்லாம் நான்தான். சார் எம்.டி.

இந்த மாசம் பிளஸ் டூ ரிசல்ட் வருகிறது. போன வருஷம் மாதிரியே இந்த வருஷமும் சென்னையில் ஒரு கம்பெனிக்கு மோடத்தில் போன் போட்டு, நம்ம மாவட்டத்து ரிசல்ட் ஃபைலை இறக்கி, நம்பர் சொல்கிறவர்களுக்கு மார்க்கை அச்சடித்துக் கொடுக்கப்போகிறோம். பேப்பரில் மறுநாள் காலையில்தான் வரும். அதற்கு முன்னால் ஊருக்கே தெய்வம் நாங்கள்தான்.

ஃபைலை இறக்குகிற சாஃப்ட்வேர் கருப்புத் திரையில் ஓடும். பேரைத் தட்டி, பக்கத்தில் ஒரு மைனஸும் ஒரு எழுத்தும் போட்டால் ஒரு வேலை செய்யும். அதற்கு ஆப்ஷன் என்று பேர். மைனஸ் பி போட்டால் மோடம் எங்கே மாட்டியிருக்கிறது என்று அதற்குத் தெரியும். மைனஸ் ஆர் போட்டால், லைன் கட்டானாலும் விட்ட இடத்தில் இருந்து இறக்கும். எனக்கு இந்த ரெண்டும் போதும். போன வருஷம் இந்த ரெண்டை வைத்துத்தான் முக்கால் மணி நேரத்தில் முடித்தேன்.

மே 9, சனி

கியாஸ் தீர்ந்தது. விறகு ஈரம். அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டே "புகை" என்கிறாள். புகையாகவே இருக்கட்டும்.

மே 12, செவ்வாய்

இன்றைக்கு சார் சாஃப்ட்வேர் புத்தகத்தின் ஜெராக்ஸை விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா ஆவுடை, இருபது ஆப்ஷனுக்கு மேல குடுத்திருக்கான். நீ ரெண்டே ரெண்டு போட்டு ஓட்டுத. மிச்சத்த யாரு போடுவா?"

"சார், அது வேணுங்கிறவங்க போடுறதுக்கு. எல்லாத்தையும் போடக் கூடாது."

"வயலுக்கு வெறும் யூரியா மட்டும் போட்டா வெளையுமா? பொட்டாஷ் போடணும், டி.ஏ.பி. போடணும், ஜிங்க் போடணும். அப்பத்தான் பயிரு எந்திரிக்கும். நான் முப்பது வருஷமா உரம் விக்கேன், எனக்குச் சொல்லித் தாரியா?"

அப்புறம் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டி, அத்தனை ஆப்ஷனையும் வரிசையாகப் போட்டு சேமித்துவிட்டார். மைனஸ் என் என்று ஒன்று இருக்கிறது. அதே பேரில் ஒரு ஃபைல் நம்ம கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்தால் புதுசை இறக்காமல் விட்டுவிடும். மைனஸ் கியூ போட்டால் அது என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை என்று திரையில் எதையும் சொல்லாது. சார் வீட்டில் அவர் பேச்சும் அப்படித்தான், அவர் சம்சாரம் அண்ணி பக்கத்தில் இருக்கும்போது.

அவர் டீ குடிக்கப் போனதும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

மே 13, புதன்

திரும்பப் போட்டிருக்கிறார். எடுத்தேன்.

மே 14, வியாழன்

திரும்பப் போட்டிருக்கிறார். "எம்.டி. போட்டத எடுக்குற அளவுக்கு வந்துட்டியோ?" என்று கேட்டார். வரவில்லை சார் என்றேன். கழுதை, இருந்துவிட்டுப் போகட்டும்.

மே 16, சனி

வடிவிடம் பிசிக்ஸ் எப்படி எழுதினாய் என்று கேட்டேன். "பேனாவாலதான்" என்றாள். இந்த வாய் இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அம்மா கேட்கிறாள், என்னையே பார்த்துக்கொண்டு.

கெமிஸ்ட்ரி நல்லா இருக்குமாம். மேத்ஸ் தாண்டிவிடுமாம். பிசிக்ஸ் பற்றிப் பேச்சு எடுத்தால் கோழிக்குத் தண்ணி வைக்கப் போய்விடுகிறாள். எங்கள் வீட்டில் கோழி கிடையாது. எதிர்வீட்டுக் கோழி.

மே 19, செவ்வாய்

நாளைக்குக் காலையில் ரிசல்ட். அத்தையும் நாளைக்கே அத்தானோடும் தட்டோடும் வருகிறாள். "பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காது, தம்பி. ரிசல்ட் வந்த கையோட தட்ட மாத்திருவோம்" என்று போனில் சொன்னாளாம். ஒருவேளை பாஸாகிவிட்டால்? அதற்கும் அத்தை வழி வைத்திருக்கிறாள். புளியங்குடியில் ஒரு பெண் இருக்கிறது. சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தட்டை அங்கே கொண்டுபோய்விடுவாள். வீட்டை விட்டுக் கிளம்பின நிச்சயத் தட்டு மாற்றாமல் திரும்பக் கூடாதாம். ஆப்பிள் வாங்கியாச்சு, யாருக்காவது பூ வைத்தாகணும்.

வடிவு கிணற்றடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டே சொன்னாள்: "அக்கா, நீதான முதல்ல பாப்ப. ஃபெயில்னா எனக்கு முதல்ல சொல்லிரு. அத்தை வாயால கேக்கக் கூடாது."

"ஃபெயிலாகாம இருந்தா நான் ஏன் சொல்லப் போறேன்" என்று கத்திவிட்டு வந்தேன். நான் படிக்காத காலேஜை இவளாவது படிக்கட்டுமே. அதை வாயைத் திறந்து சொல்ல வருகிறதா? கத்தத்தான் வருகிறது.

மே 20, புதன், மதியம்

வடிவு பாஸ்!

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். காலையில் பத்து மணிக்கெல்லாம் படி முழுக்கக் கூட்டம். உரமூட்டை மேல் ஏறி நிற்கிறார்கள். சார் மோடத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஊதுபத்தி காட்டி, "ம், ஓட்டு" என்றார். அவர் போட்ட அத்தனை ஆப்ஷனோடும் ஓட்டினேன். மோடம் கீச்சுக்கீச்சென்று கத்தியது, நின்றது. திரையில் ஒரு வார்த்தை வரவில்லை. ஒரே நிமிஷம், முடிந்துவிட்டது!

"பாத்தியா? போன வருஷம் முக்கால் மணி நேரம். இந்த வருஷம் ஒரே நிமிஷம். எல்லா உரமும் போட்டா இப்படித்தான் எந்திரிக்கும்" என்று சார் கூட்டத்தைப் பார்த்து மீசையை முறுக்கினார். எனக்கு என் வாயைத் தைத்துக்கொள்ளலாம் போல் இருந்தது. உரக்கடைக்காரர் ஜெயித்துவிட்டார்.

அதற்கப்புறம் மூச்சு விட நேரமில்லை. நம்பரைத் தட்டு, அச்சடி, கிழி, கொடு. ஊரில் என்னென்ன அதிசயம்! மூணு வருஷமாகச் சலூன் வாசலிலேயே குடியிருக்கிற கொம்பையா ஆயிரத்துத் தொண்ணூறு. அவன் அப்பா நம்பாமல் ரெண்டு தடவை அச்சடித்து வாங்கி, அப்புறம் பத்தாயிரம் வாலா வாங்க ஓடினார். சைக்கிள் கடைக்காரர் மகள் பேச்சித்தாய், பள்ளிக்கூடத்தில் எப்போதும் முதல் மார்க், மூணு பாடத்தில் ஃபெயில். தாளை நாலாக மடித்து வைத்துக்கொண்டு, "அக்கா, இது சரியாத்தான் இருக்குமா?" என்று கேட்டாள். "கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது பாப்பா" என்றேன். படியிறங்கிப் போனாள்.

வடிவு பிசிக்ஸில் நூத்திப் பன்னிரண்டு. நானே வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். அத்தைக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் சாப்பிடாமல் போக மாட்டாள். விருந்து முடித்து, ஒரு தூக்கம் போட்டு, அஞ்சு மணிக்குப் புளியங்குடி. வடிவு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "விடுட்டி, வேர்வை நாறுது" என்றேன்.

அதே நாள், சாயங்காலம்

மூணு மணி வாக்கில் கூட்டம் கலைந்திருந்தது. சார் மாடியில் தூங்கப் போய்விட்டார். மரகதம் என்று ஒரு பெண் காலையில் வாங்கின தாளோடு திரும்பி வந்தாள்.

"அக்கா, நான் காமர்ஸ் குரூப். இதுல எனக்கு விலங்கியல்ல மார்க் போட்டிருக்கு. எப்படியும் பாஸுதான். பேசாம இருந்துரவா?"

ஃபைல் தேதியைப் பார்த்தேன். போன வருஷத் தேதி. போன வருஷம் இறக்கின ஃபைல் அதே பேரில் அப்படியே கிடந்திருக்கிறது. பழசு இருக்கிறதே என்று மைனஸ் என் புதுசை இறக்கவே இல்லை. அதைச் சொல்ல விடாமல் மைனஸ் கியூ வாயைப் பொத்திவிட்டது. வருஷா வருஷம் பரீட்சை நம்பர் அதே நம்பர்தான், ஆள்தான் வேறே, ஃபைலில் பேரும் கிடையாது. காலையில் இருந்து நாங்கள் ஊருக்கெல்லாம் போன வருஷத்துப் பிள்ளைகளின் மார்க்கை அச்சடித்துக் கொடுத்திருக்கிறோம். ஒரே நிமிஷத்தில் முடிந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? அறிவு கெட்டவள்!

சார் போட்ட அத்தனையையும் அழித்தேன். மைனஸ் பி, மைனஸ் ஆர், அவ்வளவுதான். பழைய ஃபைலை வேறு பேருக்கு மாற்றிவிட்டுப் புதுசை இறக்கினேன். நடுவில் ரெண்டு தடவை மாடியில் அண்ணி போனை எடுத்துத் தன் தங்கச்சியோடு பேசப் பார்த்தாள், ரெண்டு தடவையும் லைன் கட். விட்ட இடத்தில் இருந்து பிடித்து இழுத்து வந்தது மைனஸ் ஆர். அந்த ஒரு எழுத்துக்குக் கோயிலே கட்டலாம்.

முதலில் தட்டியது வடிவு நம்பரைத்தான். கெமிஸ்ட்ரி நல்ல மார்க். மேத்ஸ் தாண்டிவிட்டாள். பிசிக்ஸ் ஐம்பத்தெட்டு. தேர்ச்சி பெறவில்லை.

ரெண்டாவது பேச்சித்தாய். ஆயிரத்து நூத்தி நாலு.

மாடிக்கு ஓடி சாரை எழுப்பினேன். விஷயத்தைக் கேட்டு முதலில் வேட்டியை இறுக்கிக் கட்டினார். பிறகு, "சரி விடு. நாளைக்குக் காலையில பேப்பர்ல வரத்தான செய்யும். அவுகவுக பாத்துக்கிடட்டும். கேட்டா பிரிண்டர் கோளாறுன்னு சொல்லிரலாம்" என்றார்.

அவர் சொன்னதில் எனக்கு வந்த நிம்மதியை மறைக்க மாட்டேன். ஒரு நிமிஷம் அப்படியே நின்றேன். நாளைக் காலை வரைக்கும் வேண்டாம், அஞ்சு மணி வரைக்கும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அத்தை தட்டோடு புளியங்குடி போய்விடுவாள். அத்தானுக்கு அங்கே பூ வைத்துவிடுவார்கள். வடிவு ஃபெயிலோ பாஸோ, அப்புறம் அவளைக் கேட்க ஆள் கிடையாது. இவ்வளவு சுளுவாக ஒரு நல்லது எங்கள் வீட்டுக்கு எப்போது நடந்திருக்கிறது?

படியிறங்கி வந்தால் கீழே பேச்சித்தாயின் அப்பா நிற்கிறார். கையெல்லாம் கிரீஸ். "எம்மா, எம் மக இங்க வந்தாளா? காலையில ரிசல்ட் பாக்க வந்தவ இன்னும் வீட்டுக்கு வரல."

ரிசல்ட்டுக்கு மறுநாள் பேப்பரில் ரெண்டாம் பக்கத்தில் என்ன செய்தி வரும் என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

நகைக்கடை விளம்பரத்துக்கு மைக் கட்டி நின்ற இசக்கியண்ணன் ஆட்டோவில் ஏறினேன். சார் பனியனோடு ஓடி வந்தார். "மைக்கத் தொட்டன்னா நாளையில இருந்து படியேறாத!" என்றார்.

"சரி சார்" என்றேன். வேறென்ன சொல்ல?

"குளோபல் கம்ப்யூட்டர் சென்டரில் காலையில் கொடுத்த ரிசல்ட் தப்பு. அது போன வருஷத்து ரிசல்ட். ஃபெயில் என்று சொன்னவர்கள் ஃபெயில் இல்லாமல் இருக்கலாம். பாஸ் என்று சொன்னவர்கள் பாஸ் இல்லாமல் இருக்கலாம். பேச்சித்தாய், ஆயிரத்து நூத்தி நாலு மார்க். எங்கே இருந்தாலும் வீட்டுக்கு வா பாப்பா." இதையே சொல்லிக்கொண்டு ரத வீதி நாலும் சுற்றினோம். கொம்பையா வீட்டுப் பக்கம் வெடிச்சத்தம் பாதியில் நின்றது. எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது இசக்கியண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "போங்கண்ணே" என்றேன். எங்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போதும் அதே வார்த்தை, அதே சத்தம். ஜன்னலில் அத்தை தலை தெரிந்தது.

பேச்சித்தாய் பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மைக் சத்தம் கேட்டு அவளே இறங்கி வந்தாள். எங்கே போக இருந்தாய் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆட்டோவில் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். இசக்கியண்ணன் மைக்கை அணைக்க மறந்துவிட்டார், பஸ் ஸ்டாண்டே கேட்டது.

வீட்டுக்கு வரும்போது நாலரை. அத்தை புறப்படப் போட்ட செருப்பை மறுபடி கழற்றிவிட்டு, நடு வீட்டில் சம்மணம் போட்டிருந்தாள். முன்னால் தட்டு.

"தெய்வமே திருப்பி உக்கார வச்சிருச்சு, தம்பி. பிள்ள ஃபெயிலுதான?"

அப்பா என்னைப் பார்த்தார். "ஃபெயிலா?"

"பிசிக்ஸ்ல மட்டும். செப்டம்பர்ல திரும்ப எழுதலாம்பா."

"வாக்குன்னா வாக்கு" என்றார் அப்பா. அடுப்படி வாசலில் வடிவு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அத்தை வாயால் கேட்கக் கூடாது என்றவளுக்கு ஊர் முழுக்க மைக் கட்டிச் சொல்லிவிட்டேனே.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. "அப்பா, தாராளமா மாத்துங்க. ஆனா வார ஒண்ணாந் தேதில இருந்து என் சம்பளம் இந்த வீட்டுக்கு வராது. நான் பாளையங்கோட்டையில வேலையும் பாத்து ஹாஸ்டலும் பாத்துப் போயிருவேன். அரிசிக்காரருக்கு நீங்களே பதில் சொல்லுங்க."

அம்மா அரிசிப் பானையைப் பார்த்தாள். அத்தை, "பொட்டப்பிள்ள பேசுற பேச்சா இது? நீயும் கேட்டுக்கிட்டு இருக்கியே தம்பி!" என்றாள்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஒரு பரீட்சைதானக்கா. எழுதித்தான் பாக்கட்டுமே" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

அத்தை இன்னும் பேசியிருப்பாள். அதுவரை சாமி சிலை மாதிரி உட்கார்ந்திருந்த குருவலிங்கம் அத்தான் எழுந்து தட்டைத் தானே கையில் எடுத்துக்கொண்டார். "எம்மா, புளியங்குடிக்கு நேரமாச்சு" என்றார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் யாருமே கேட்டதில்லை. புளியங்குடிப் பெண் நல்ல பெண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

மே 21, வியாழன்

வழக்கம்போல் ஒன்பது மணிக்கு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அப்பா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டே, "ஒண்ணாந் தேதிதான சம்பளம்?" என்று கேட்டார். "ஆமாப்பா" என்றேன்.

இதை முனிசிபல் லைப்ரரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வேலைவாய்ப்புப் பக்கத்தை ரெண்டு தடவை படித்தாயிற்று. கம்ப்யூட்டர் தெரிந்த பெண் வேண்டும் என்று பாளையங்கோட்டையில் ஒருத்தர் கேட்டிருக்கிறார், மத்தியானம் போன் போட வேண்டும். நேற்று மிரட்டினது உண்மையாகிவிடும்போல.

தெருமுனை வரைக்கும் வடிவு கூடவே வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, ஒன்ன வேலைய விட்டு எடுத்துட்டாகதான?"

"ஒனக்கு யாரு சொன்னா?"

"மைக்குல பேசுனது ஒன் குரலு. அந்த சார் சும்மா விடுவாரா?"

ரெண்டு பேரும் பால் வண்டிக்கு ஒதுங்கி நின்றோம்.

"அப்ப நேத்து அப்பாகிட்ட சம்பளம் தரமாட்டேன்னு சொன்னியே?"

"இல்லாத சம்பளத்தத்தான தரமாட்டேன்னு சொன்னேன். போ, போய் பிசிக்ஸ் புஸ்தகத்த எடு."

போனாள்.